பூஜை நாளில் ஓடிய டிரையர்

மேலாளர் அவர்களே, பேச்சிமுத்து மேல் பொய்ச்சாட்சி சொன்னது நீங்கள் வாங்கி மாட்டிய திரை. அதற்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தது நான். கற்றுக்கொடுக்கச் சொன்னது நீங்கள்.

இதை உங்கள் முகத்துக்கு நேராக ஒருமுறை சொல்லிவிட்டேன். ஆனால் அது நாலு சுவருக்குள். ஓய்வு வாங்கி வீட்டில் சும்மா இருந்த என்னை எழுத வைத்ததும் நீங்கள்தான். போன மாதம், முன்பு என்னிடம் வேலை பழகிய பெண் ஒருத்தி ஒரு வீடியோ அனுப்பினாள். ஏதோ பயிற்சிக் கூட்டம். மேடையில் நீங்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் எங்கள் தேயிலை ஃபாக்டரி டிரையரின் சூடு, ஆறு மாதக் கோடு. ஒரு நிமிடம்கூட விட்டுப்போகாத தரவு என்று அதைக் கைகாட்டிப் பேசுகிறீர்கள். கீழே முப்பது நாற்பது பிள்ளைகள் குறிப்பெடுக்கிறார்கள்.

இனி அந்தப் பிள்ளைகளுக்குத்தான் எழுதுகிறேன். நீங்கள் இந்த வேலைக்குப் புதியவர்கள். குறிப்பெடுத்ததை அடித்துவிட்டு இதைப் படியுங்கள்.

நான் பாலக்காட்டுக்குக் கிழக்கே, வேலந்தாவளத்து ஆள். வாப்பாவுக்கு மாட்டுச் சந்தைக்கு எதிரே மூக்கணாங்கயிறும் சாட்டையும் விற்கிற கடை. எனக்கு வியாபாரம் வரவில்லை. இன்ஸ்ட்ருமென்ட் வேலைக்குப் போனேன். முப்பத்தைந்து வருடம் மீட்டரும் சென்சாருமாகப் போனது. கடைசி ஆறு வருடம் தேவிகுளத்துக்கு மேலே ஒரு தேயிலை ஃபாக்டரி. அங்கே எல்லாருக்கும் நான் பாய். கொச்சி ஆபீசில் இருந்த மேலாளருக்கு மட்டும் ரவுத்தர்.

அந்த ஃபாக்டரியில் ரூட்டர் வைத்தது நான். செங்கல் அளவு டப்பா. டிரையரின் சூட்டை மீட்டரிலிருந்து வாங்கி, சிம் கார்டு வழியாகக் கிளவுடுக்கு அனுப்பும். கொச்சியில் உட்கார்ந்து திரையில் பார்க்கலாம். அதை எப்படி கான்ஃபிகர் செய்வது என்று நான் சொல்லப்போவதில்லை. அதற்கு மேனுவல் இருக்கிறது. மேனுவலில் இல்லாததைச் சொல்கிறேன்.

தேவிகுளத்து மலையில் சிக்னல் என்பது விருந்தாளி மாதிரி. பனி இறங்கினால் போய்விடும். மின்சாரம் போனால் டவரின் பேட்டரி ஒரு மணி நேரம் தாங்கும், பிறகு அதுவும் போய்விடும். சில நாள் மலைக்கு அந்தப் பக்கம் போடி டவரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும். அதனால் கொச்சித் திரையில் கோடு அங்கங்கே அறுந்து தெரிந்தது. மேலாளர் போன் பண்ணினார்.

"என்ன ரவுத்தரே, கோடு பூரா ஓட்டையா இருக்கு? போர்டு மீட்டிங்குல இதைக் காட்டி நான் நாணங்கெடணுமா?"

"சிக்னல் நிக்கறதில்லீங்க சார். ரெண்டு வாரம் குடுங்க. சிக்னல் இல்லாதப்ப ரூட்டருக்குள்ளயே சேத்து வெச்சு, வந்ததும் அனுப்பற மாதிரி பண்ணிப்போடலாமுங்க. ஒரு மெமரி கார்டு வேணும். அதோட கடிகாரத்தையும் சரிபண்ணோணும்."

"ரெண்டு வாரமா? மீட்டிங் நாளைக்குக் காலையில."

"அப்ப ஓட்டை இருக்கத்தானுங்க செய்யும்."

"அடைக்க வழியே இல்லையா?"

வழி இருந்தது. இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கிளவுடின் செட்டிங்கில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. தகவல் வராவிட்டால் கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டிரு என்று அதற்குப் பொருள். டிக் போட்டேன். ஓட்டையெல்லாம் மூடிக்கொண்டது. கோடு கயிறு கட்டி இழுத்த மாதிரி நேராக நின்றது. தற்காலிகமாகத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் மேலாளர் "சூப்பர்" என்றார். மெமரி கார்டு வரவில்லை. இரண்டு முறை கேட்டேன். மூன்றாம் முறை கேட்கவில்லை.

எனக்குத் தெரியாமல் செய்த தப்பு இல்லை இது. அதுதான் எரிச்சல். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கஞ்சிக்கோட்டில் ஒரு உலையில் இருந்தேன். அப்போதெல்லாம் உலையின் சூட்டை வட்டத் தாளில் பேனா சுற்றிச் சுற்றி வரைந்துகொண்டே இருக்கும். ஒருநாள் மை தீர்ந்து இரண்டு மணி நேரம் வெள்ளையாக இருந்தது. திட்டு விழுமே என்று நான் பால்பாயிண்ட் பேனாவால் அழகாக இணைத்துவிட்டேன். எனக்கு மேலே இருந்தவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏம்ப்பா, இந்த ரெண்டு மணி நேரமும் உலைக்குள்ள போயி நீ உக்காந்திருந்தியா?"

"இல்லீங்க."

"பொறவு எப்படி உனக்குத் தெரிஞ்சுது? வெள்ளையா இருந்தா வெள்ளைன்னு உடு. மை இல்லைன்னு எழுது. அதும் ஒரு ரீடிங்தான்."

அவ்வளவுதான். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அவர் பெயர் எழுத மாட்டேன். என் பெயரோடு சேர்ந்து வருவதை அவர் விரும்பமாட்டார். முப்பது வருடம் கழித்து நான் அதே பால்பாயிண்ட் பேனாவைத்தான் எடுத்தேன். இந்த முறை அது ஒரு டிக் வடிவத்தில் இருந்தது.

இனி பேச்சிமுத்து. டிரையர்காரர். இருபத்தாறு வருடம் அதே டிரையர் முன்னால் நின்றவர். அடுப்புக்கு விறகு போடுவதும், சூடு பார்ப்பதும், தட்டில் போகிற தூளை முகர்ந்து பார்ப்பதும் அவர் வேலை. அரை மணிக்கு ஒருமுறை சூட்டை நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். திரை வந்த மூன்றாம் மாதம் கொச்சியிலிருந்து உத்தரவு வந்தது. எல்லாம் திரையில் இருக்கும்போது நோட்டு எதற்கு, நிறுத்து.

அன்றைக்கு அவர் என்னைத் தேடி வந்தார்.

"பாய், நோட்டைத் தூக்கிட்டுப் போயிட்டாகளே. நாளப்பின்ன ஒண்ணுன்னா நான் எதைக் காட்ட?"

"இனிமே மிஷினே எழுதும்ணே" என்றேன்.

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

அந்த வருடம் துலாம் மாதத்து, நம் ஐப்பசி, இடிமழை ஒரு மத்தியானம் கொட்டியது. மின்சாரம் போனது. ஜெனரேட்டர் பிடிப்பதற்குள் டிரையரின் ஃபேன் நின்றுவிட்டது. அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது. சூடு வெளியே போக வழியில்லாமல் உள்ளே அடைந்து கிடந்தது. பேச்சிமுத்து எரிகிற விறகைக் கையால் இழுத்து வெளியே போட்டார். முழங்கை வரை வெந்துபோனது. அப்புறம் ஜெனரேட்டர் பிடித்து ஃபேன் ஓடியதும், அடைந்திருந்த சூடு மொத்தமும் ஒரே வீச்சில் தட்டுக்கு வந்தது. தட்டில் இருந்த தேயிலை தீய்ந்தது. அவர் தூள் தயாரிப்புக்குப் பொறுப்பான டீ மேக்கரிடம் வாயால் சொன்னார். டீ மேக்கர் தலையாட்டிவிட்டுத் தூளைக் கலந்து மூட்டை கட்டிவிட்டார். வாங்கியவன் கருகல் வாடை என்று லோடோடு திருப்பி அனுப்பினான்.

கொச்சியில் திரையைத் திறந்தார்கள். அன்று மத்தியானம் முழுக்கச் சூடு தொண்ணூற்றெட்டு. நேர்கோடு. சூடு சரியாக இருந்தும் தேயிலை கருகியது என்றால், தட்டை நகர்த்துகிற சங்கிலியை நிறுத்திவிட்டு ஆள் எங்கோ போயிருக்கிறான். இப்படி முடிவு கட்டினார்கள். கோட்டை அச்சடித்துக் குற்றப் பத்திரிகையோடு சேர்த்துப் பின் குத்தினார்கள். பெயர் கூப்பிடுகிற காலை மஸ்டரில், கொழுந்து எடுக்கிற பெண்களும் ஃபாக்டரி ஆட்களும் வரிசையில் நிற்கும்போது, சத்தமாக வாசித்தார்கள். பணிநேரத்தில் இயந்திரத்தை விட்டு அகன்றார். சஸ்பென்ஷன். விசாரணை.

பேச்சிமுத்துவுக்கு வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும். வீடு அவர் பெயரில். அவர் மனைவி பாக்கியம் தற்காலிகக் கொழுந்துக்காரி, அவளுக்கு வீடு கிடையாது. இரண்டு பேருக்கும் கீழே தமிழ்நாட்டில் ஓர் ஓலைக் கீற்றுகூட இல்லை. தாத்தா காலத்தில் மலையேறியவர்கள்.

அந்தக் கோட்டைப் பார்த்த அன்றே எனக்குத் தெரியும். அன்றைய இடியில், மின்சாரம் போவதற்கு முன்பே டவர் போயிருந்தது. கொச்சிக்கு ஒன்றும் போகவில்லை. திரை தன்பாட்டில் பழைய எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தது. கவனியுங்கள், ரூட்டர் சாகவில்லை. அதற்கு யுபிஎஸ் இருந்தது. சூடு ஏறியதை அது பார்த்தது. பார்த்ததைச் சேர்த்து வைக்க நான் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒவ்வொரு நிமிடமும் பார்த்து, ஒவ்வொரு நிமிடமும் தூக்கி எறிந்திருக்கிறது. அந்த மத்தியானத்தின் உண்மையான சூடு எவ்வளவு என்று இனி அல்லாவுக்குத்தான் தெரியும்.

தெரிந்தும் ஒன்பது நாள் வாயைத் திறக்கவில்லை. ஓய்வுக்கு ஒரு வருடம் இருந்தது. டிக் போட்டது என் பெயரில் பதிவாகியிருந்தது. போடச் சொன்னது போனில், காகிதத்தில் ஒன்றும் இல்லை. உண்மை தானாகவே வெளியே வரும் என்று காத்திருந்தேன். வராது, பிள்ளைகளே. அதற்குக் கால் கிடையாது.

பத்தாம் நாள் காலை ஃபாக்டரி வாசலில் பாக்கியம் என்னை மறித்தாள். முதுகில் கொழுந்துக் கூடை.

"பாய், நில்லுங்க. எம்வீட்டுக்காரரு டிரையரை விட்டுட்டுப் போனதை உங்க மிஷினு பாத்துச்சாமே?"

"மிஷின் ஆளைப் பாக்காதும்மா. சூட்டைத்தான் பாக்கும்."

"அப்ப சூட்டைப் பாத்துச்சா?"

நான் அவளைச் சுற்றிக்கொண்டு உள்ளே போகப் பார்த்தேன்.

"பாத்திருந்தா அவரு கையி ஏன் வெந்துச்சுன்னு சொல்லிருக்கும்ல? ரெண்டும் பொட்டைக் கண்ணா அதுக்கு? ஒண்ணு சொல்றேன் பாய். லயத்தைக் காலி பண்ணச் சொன்னா, சட்டிபானையைத் தூக்கிட்டு நேரா உங்க குவார்ட்டர்ஸுக்குத்தான் வருவேன். மூலையில எடம் ஒதுக்கி வைங்க."

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

உள்ளே போய் ரூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். என்ன செய்வது என்று தெரியவில்லை. நானே போய் அது பொய்க்கோடு என்று சொல்லலாம். சாட்சி? மேலாளர் மறுப்பார். மென்பொருள் கம்பெனி, வந்த தரவைத்தான் காட்டுகிறோம் என்று ஏற்கெனவே கடிதம் கொடுத்திருந்தது. எரிச்சலில் ரூட்டரையே முறைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அதன் தலையில் காய்ந்த சந்தனம் கண்ணில் பட்டது. ஆன்டெனாவில் குங்குமம்.

அந்த ஃபாக்டரியில் ஆயுத பூஜையை விளையாட்டாகச் செய்யமாட்டார்கள். முந்தின சாயங்காலம் பூஜை வைத்தால், விஜயதசமி காலையில் எடுக்கும் வரை ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடக்கூடாது. தொட்டால் கை விளங்காது என்பார்கள். அடுப்பை அணைத்து, டிரையர் கதவில் வாழைக்கன்று கட்டி, மாலை போடுவார்கள். அந்த வருடம், இடிமழைக்கு முன்பு வந்த பூஜைக்கு நான் லீவில் வேலந்தாவளம் போயிருந்தேன். திரும்பி வந்தபோது எலக்ட்ரீஷியன் சொன்னார்: "பாய், உங்க டப்பாவையும் கழட்டி எலையில வெச்சுப் பொட்டு வெச்சோம். அதுந்தான நமக்குக் கஞ்சி ஊத்துது." சிரித்துவிட்டு மறந்துபோனேன்.

கழட்டி இலையில் வைத்தார்கள். அப்படியானால் அந்த ஒன்றரை நாள் ரூட்டர் செத்துக் கிடந்திருக்கிறது. ஓடிப்போய் எலக்ட்ரீஷியனைப் பிடித்தேன். எப்போது கழட்டினீர்கள்? கடைசிச் சரக்கு டிரையரில் ஓடிக்கொண்டிருந்தபோதே, துடைத்து வைக்கலாம் என்று கழட்டினாராம்.

திரையைத் திறந்து பூஜை நாட்களைப் பார்த்தேன். தொண்ணூற்றேழு. ஒன்றரை நாளும் தொண்ணூற்றேழு. நேர்கோடு. பச்சை விளக்கு.

விசாரணை நாள் வந்தது. விசாரிக்க வெளியிலிருந்து ஒரு வக்கீல் வந்திருந்தார். ஒரு பக்கம் மேலாளர். இன்னொரு பக்கம் கையில் துணி சுற்றிய பேச்சிமுத்து, அவரோடு யூனியன் செயலாளர். நான் எழுந்து, டிக் போட்டது நான் என்று முதலில் சொன்னேன். மேலாளர் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "ரவுத்தர் சர்வீஸ் முடியற நேரம். ஒரு கொழப்பத்துல பேசறார்."

"கொழப்பம் இருக்கட்டுங்க. பூஜை நாளுத் திரையைக் கொஞ்சம் தொறக்கச் சொல்லுங்க" என்றேன்.

திறந்தார்கள். வக்கீல் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "அன்னைக்கும் நல்லா ஓடிருக்கே. என்ன இப்ப?"

"நல்லா ஓடிருக்குதுங்க. யாரு ஓட்டினாங்கன்னு கேளுங்க."

பேச்சிமுத்து தொண்டையைச் செருமினார். "சாமி ஓட்டிருக்கும்யா" என்றார். "நாங்க எல்லாரும் பொரிகடலைக்கு வரிசையில நின்னோம்."

யூனியன் செயலாளர் விழுந்து விழுந்து சிரித்தார். மேலாளர் அது டெஸ்டிங் தரவாக இருக்கலாம் என்றார். நான் போனை எடுத்து வக்கீல் முன்னால் வைத்தேன். ஃபாக்டரி ஆட்களின் குழுவில் வந்த படம். மாலை போட்ட டிரையர். பின்னால் கரியே இல்லாத அடுப்பு. முன்னால் வேட்டி கட்டிக்கொண்டு, தலைக்கு மேல் தேங்காயைத் தூக்கிப் பிடித்தபடி ஒருவர்.

வக்கீல் படத்தைப் பார்த்தார். மேலாளரைப் பார்த்தார். "இது நீங்கதானே சார்?"

கவனமாகக் கேளுங்கள். பேச்சிமுத்து குற்றமற்றவர் என்று நான் நிரூபிக்கவில்லை. நிரூபிக்கிற தரவை நானே அழித்திருந்தேன். அந்தத் திரை சாட்சி சொல்ல லாயக்கில்லாதது என்று மட்டும்தான் காட்ட முடிந்தது. ஒரு மனிதனின் இருபத்தாறு வருடத்துக்கு என்னால் கொடுக்க முடிந்தது அவ்வளவுதான்.

விசாரணை கைவிடப்பட்டது. வீடு தப்பியது. பாக்கியம் என் குவார்ட்டர்ஸுக்குச் சட்டிபானையோடு வரவில்லை. ஒரு கிண்ணம் மீன்குழம்போடு வந்தாள். "மூலையில வெச்ச எடம் அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆனால் பேச்சிமுத்துவை மறுபடி டிரையருக்கு விடவில்லை. விறகுக் களத்துக்கு மாற்றினார்கள். குற்றச்சாட்டு வாபஸ் என்ற கடிதம் ஒட்டின உறையில் வந்தது. இரண்டு வரி. யாரும் வாசிக்கவில்லை. நான் ஓய்வு பெற்று மலையிறங்கிய அன்று அவர் பஸ் வரை வந்தார்.

"வீடு கெடச்சிருச்சு பாய். பேருதான் இன்னும் மஸ்டர்லயே கெடக்கு. டிரையரை விட்டுட்டு ஓடுனவன்னு சின்னப் பயலுக வரைக்கும் சொல்லுதானுக."

புதியவர்களே, உங்களிடம் ஒரு நாள் ஒருவர் ஓட்டையை அடைக்கச் சொல்வார். மீட்டிங் நாளைக்கு என்பார். அவர் கெட்டவராக இருக்கமாட்டார், அவசரக்காரராக இருப்பார். வழி இருக்கிறதா என்று கேட்பார். உங்களுக்கு வழி தெரியும். தெரிந்தவன்தான் மாட்டுவான். அந்த நேரத்தில் மேனுவலைப் பார்க்காதீர்கள். அந்தக் கோட்டை நாளைக்கு யார் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பார்கள் என்று பாருங்கள். சேர்த்து வைக்க ரூட்டருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு மற்றதைப் பேசுங்கள். அது முடியாவிட்டால் ஓட்டை ஓட்டையாகவே இருக்கட்டும். அடைத்தே ஆகவேண்டும் என்றால் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். எழுதுகிறவர்கள் குறைவு. தாள் நோட்டை நிறுத்த வந்தால் குறுக்கே படுங்கள். நான் படுக்கவில்லை.

இப்போது அந்த வீடியோவுக்கு வருகிறேன். மேலாளர் அவர்களே, நீங்கள் மேடையில் காட்டிய கோட்டை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஆறு மாதம். ஓர் இடத்தில்கூட அறவில்லை. தேவிகுளத்தில் அப்படி ஓர் ஆறு மாதம் கிடையாது, ஆனி ஆடி மழையும் அதில் வருகிறது. அப்படியென்றால் அந்தக் கட்டத்தில் டிக் இன்னும் இருக்கிறது. நான் எடுத்துவிட்டு வந்த டிக். யாரோ மறுபடி போட்டிருக்கிறார்கள். இன்றைக்கு அந்த டிரையர் முன்னால் வேறொருவர் நிற்கிறார். அவரிடமும் நோட்டு இல்லை.

பேச்சிமுத்துவுக்கு இந்த வருடத்தோடு சர்வீஸ் முடிகிறது. அதற்குள் ஒரு காலை நீங்கள் மஸ்டருக்கு வரவேண்டும். குற்றச்சாட்டை எங்கே நின்று வாசித்தார்களோ அங்கேயே நில்லுங்கள். நான் வேலந்தாவளத்திலிருந்து வண்டியேறி வந்து, டிக் போட்டவன் நான், ஒன்பது நாள் வாய் மூடிக் கிடந்தவன் நான் என்று எல்லார் முன்னாலும் முதலில் சொல்லிவிடுகிறேன். அடுத்து உங்கள் முறை. உங்கள் கையால் தேங்காய் உடைத்த அந்த நாளில் டிரையர் ஓடியதா? ஓடியது என்றால், ஓட்டியவர் யார் என்று சொல்லுங்கள். ஓடவில்லை என்றால், பேச்சிமுத்துவை முன்வரிசைக்குக் கூப்பிட்டு, அவர் பெயரைச் சொல்லி, கடைசி வரிசைக் கொழுந்துக்காரிக்கும் கேட்கிற மாதிரி அதைச் சொல்லுங்கள். உறையில் போட்டு அனுப்பவேண்டாம். வாயைத் திறந்து பதில் சொல்லுங்கள்.